தேக்குப் பலகையில் ஒரே ஓட்டை

பழைய ரிகார்டு பிளேயரை உயிர்ப்பிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மோட்டாரைப் பிரித்து எண்ணெய் போட்டேன், தேய்ந்த ரப்பர் சக்கரத்தை மாற்றினேன், கனமான தேக்குப் பலகையில் உட்கார வைத்தேன். பாக்கி இருந்தது ஆர்மும் கார்ட்ரிட்ஜும். இசைத்தட்டின் மேல் நீண்டு நிற்கும் கையும், அதன் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டியும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் பாட்டு பாட்டாக இருக்காது.

கே.கே. நகரில் ஒரு நண்பர் இருக்கிறார். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு ஆர்ம்களை, ஒவ்வொன்றிலும் ஒரு கார்ட்ரிட்ஜோடு, துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். “ரெண்டையும் வீட்ல வச்சு நிதானமா கேளுங்க. அவசரப்பட்டு ஓட்டை போட்டுடாதீங்க” என்றார். ஒன்றைவிட மற்றது ஓர் அங்குலம் நீளம். அந்த ஓர் அங்குலத்தில்தான் சிக்கல். ஒன்றுக்கு ஓட்டை போட்டால் இன்னொன்றுக்குப் பலகையில் மரம் மிஞ்சாது. பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

நீள ஆர்மைப் பக்கத்தில் ஒரு கட்டையில் தற்காலிகமாக நிறுத்தி, வயலின் கச்சேரித் தட்டு ஒன்றைப் போட்டேன். வலது பக்க ஸ்பீக்கர் மங்கலாக ஒலித்தது. ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கூட்டினேன், குறைத்தேன். கார்ட்ரிட்ஜின் ஒயர்களை இடம் மாற்றினேன். கோளாறு கார்ட்ரிட்ஜில் என்றால், அப்படி மாற்றியதும் அது இடது பக்கம் போக வேண்டும். போகவில்லை. குட்டை ஆர்மைப் போட்டேன், அதே கதை. ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன், ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். மூன்று வாரம் இதே வேலை. கே.கே. நகருக்குப் போன் போட்டு, “பழுதான சாமானைத் தலையில கட்டிட்டீங்களே சார்” என்று கத்தவும் செய்தேன். நல்ல மனுஷர், இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஒரு நாள் காலை அலுத்துப்போய், நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இதுவரை கணீரென்று ஒலித்த ஸ்பீக்கர் இப்போது என் வலது பக்கம். அது மங்கிவிட்டது. மங்கலாக இருந்தது தெளிந்துவிட்டது. கோளாறு என்னோடு சேர்ந்து திரும்பியிருந்தது. எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு திருகையும் சந்தேகப்பட்டவன் என்னை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

காது டாக்டர் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். “வலது காது நரம்பு ஏறக்குறைய போயிடுச்சு. இடதும் இறங்கிட்டிருக்கு. கீச்சுன்னு வர்ற மேல் சத்தமெல்லாம் முதல்ல போகும்” என்றார். மெஷின் வைத்தால் பாட்டு கேட்குமா என்று கேட்டேன். “பேச்சு புரியும். பாட்டுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார். எத்தனை நாள் என்றேன். இப்படியே இறங்கினால் ஒரு வருடம் தாங்குவதே கஷ்டம் என்றார். திரும்பி வரும்போது கண்டக்டர் வலப்பக்கம் நின்று டிக்கெட் கேட்டிருக்கிறார். கடைசியில் தோளைத் தட்டினார்.

அதன் பிறகு நான் சாதாரண மனிதனாக இல்லை. விடிந்ததும் தட்டைப் போட்டால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன். கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கும் வேளை பார்த்துப் போய், இடது காதை அந்தப் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடி நின்றேன். என் பக்தியைப் பார்த்து ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். பயம்தான் அது, வேறொன்றுமில்லை.

இப்போது தேர்வு வேறு மாதிரி ஆகிவிட்டது. நீள ஆர்மில் இருந்த கார்ட்ரிட்ஜ் நியாயமானது. எதையும் கூட்டாது, குறைக்காது. ஆனால் அதில் கஞ்சிராவின் காசுகள் குலுங்கும் சத்தம் எனக்கு அறவே கேட்கவில்லை. வயலினின் மேல் ஸ்தாயி பாதியில் காணாமல் போனது. குட்டை ஆர்மில் இருந்தது மேல் சத்தத்தை வாரிக் கொட்டும் ரகம். அதில் காசுகள் கேட்டன, லேசாக. சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “என்னங்க இது, தகரத்துல ஆணியை இழுக்கற மாதிரி இருக்கு. காதெல்லாம் கூசுது” என்றாள். நீள ஆர்மைப் போட்டுக் காட்டினேன். சுவரில் சாய்ந்து தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டாள். “இது நல்லா இருக்கு. பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி” என்றாள். முப்பது வருடத்தில் அவள் அப்படி நின்று பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இருக்கப்போவது அவள் காது, சாகப்போவது என் காது. அன்றே முடிவு செய்தேன்.

மறுநாள் நீள ஆர்முக்குப் பென்சிலால் குறி போட்டு, ட்ரில்லை எடுத்தேன். வாசற்படியில் வந்து நின்றாள்.

“எதுக்குப் போடறீங்க, நீளத்துக்கா குட்டைக்கா?”

“நீளத்துக்கு. அதுதான் சரியான ஜோடி. எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.”

“அதுல உங்களுக்குக் கஞ்சிரா கேக்கலை.”

“யார் சொன்னது? நல்லா கேக்குதே.”

“குட்டையைப் போட்டா கஞ்சிரா வர்ற இடத்துல உங்க விரல் தொடையில தாளம் போடுது. நீளத்துல சும்மா கிடக்கு. நேத்து பூரா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“உனக்குக் காது கூசுமே” என்றேன்.

“கூசட்டும். உங்களுக்குக் கேக்கற வரைக்கும் அது ஓடட்டும். அதுக்கப்புறம் எனக்கு எதுக்குங்க பாட்டு?”

அவளே ரப்பரை எடுத்துக் குறியை அழித்தாள். ஓர் அங்குலம் தள்ளி நான் வேறு குறி போட்டேன். பலகை நகராமலிருக்க அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ட்ரில்லைக் குறியில் நிறுத்தி ஓட்டை போட்டேன்.