அப்பாவுக்கு நான் காட்டிய இருவாச்சி

இன்றைக்கு அப்பாவோடு வால்பாறை போனேன். பெருந்துறையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்ததே பெரிய விஷயம்.

சரணாலயக் காட்டில் இருக்கும் இருவாச்சிப் பறவையை அவருக்குக் காட்டுவதாகச் சொல்லித்தான் கிளப்பினேன். நான் பறவைகளைப் பற்றிக் கற்றுக்கொண்டதெல்லாம் வீடியோ பார்த்துத்தான். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது வரையாடு ஒன்று ரோட்டோரம் நின்றது.

"ஆடு வந்துருச்சு. உன்ற பறவையத்தான் காணோம் அம்மணி."

தேயிலைத் தோட்டம் தாண்டி, சோலை ஓரமாகப் போகும்போது 'புஸ்... புஸ்...' என்று சத்தம். அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"டயர்ல காத்து எறங்குது கண்ணு."

இறங்கி, ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்து காது வைத்தார்.

நான் போனில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம் அது.

"டயர் இல்லீங்கப்பா, றெக்கை. மேல பாருங்க."

பெரிய மஞ்சள் அலகோடு ஒரு இருவாச்சி எங்கள் தலைக்கு மேலேயே கடந்து போனது. அப்பா சக்கரத்தைப் பிடித்தபடி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம், "ஏனுங்க, சத்தத்த வெச்சே சொல்லிப்போட்டா எம்புள்ள. நாந்தான் டயருன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். அவர் போனதும் அடுத்தவரிடம் ஆரம்பித்தார்.

இப்போது ஸ்டேட்டஸில் "எம்மக கண்டுபுடிச்ச இருவாச்சி" என்று படம் போட்டிருக்கிறார். படத்தில் மரம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாரும் போய் ஹார்ட் போடுங்க. பறவை எங்கே என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீங்க.