கல்லு மெசின் வேகம்

எங்கள் ஊரில் ஹெவி மெட்டல் வாசிப்பவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்க யோசிக்கவே மாட்டார்கள், இல்லையென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இரண்டும் கிடைக்காத நாலு பேர் சேர்ந்து நாவற்குடாவில் ஒரு பேண்ட் நடத்தினோம். பேண்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

பாடுகிறவன் டவுனில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தான். லீட் கிட்டார் வாசிப்பவன் ரசாயனம் படிப்பிக்கும் டியூஷன் மாஸ்டர். பிள்ளைகளின் பெற்றோர் அவனை ஒழுக்கமான மனிதன் என்று நம்பியிருந்ததால் மேடையில் முகத்துக்குக் கரி பூசிக்கொள்வான். நான் பேஸ் கிட்டார். களுவாஞ்சிக்குடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பேஸ் கிட்டாரில் என்ன வருகிறது என்று என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வீடியோவைப் போட்டுக் காட்டினால், "இதுக்குள்ள உன்ட சத்தம் எது மகன்?" என்று கேட்பார். சரியான கேள்விதான்.

நாலாவது ஆள் ட்ரம்ஸ். முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவனுடைய அப்பாவுக்கு வாவிப் பக்கமாக ஒரு சீமெந்துக் கல் செய்யும் வளவு இருந்தது. அந்த வளவின் சீமெந்து அடுக்கும் அறையில்தான் நாங்கள் பாட்டுப் பழகினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு அப்பா கல்லு மெசினை நிறுத்துவார், இவன் ட்ரம்ஸைத் தொடங்குவான். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வேலை செய்த அண்ணன்மார் சொல்வார்கள்.

அவர்கள் சொன்னது பகிடி இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அந்த மெசினைக் கேட்டு வளர்ந்தவன். தடதடதடவென்று மூச்சு விடாமல் ஓடும் அதே வேகம் அவன் கையில் இருந்தது. அவன் எப்போதும் ஒரு மயிரிழை முந்தித்தான் அடிப்பான். நாங்கள் மூன்று பேரும் அவனை எட்டிப்பிடிக்க ஓடுவோம். லீட் கிட்டார் மாஸ்டர் பதறிப் பதறி வாசிப்பான், பாடுகிறவன் கீச்சென்று கத்துவான், நான் விரல் கொப்பளிக்கத் தொங்கிக்கொண்டு போவேன். கல்முனை பஸ் இரண்டு போட்டிக்கு ஓடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வருகிற பயமும் சந்தோசமும் எங்கள் பாட்டில் இருந்தன. அதுதான் எங்கள் சத்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு அவன் கட்டாருக்குப் போனான். எல்லாரும் போகிறார்கள், அவனும் போனான். பஸ் ஸ்டாண்டில் வெளிப்படையாக அழுதது நான்தான். "உன்ட கதிரையில ஒருத்தனும் இருக்க மாட்டான். வந்து அடி. அது உன்ட இடம்," என்றேன். அவன் பஸ்ஸின் யன்னலால் ட்ரம்ஸ் குச்சிகளைத் தந்துவிட்டுப் போனான். நான் சொன்னதை நம்பித்தான் தந்தான்.

ஆனால் ட்ரம்ஸ் இல்லாத ஹெவி மெட்டல் என்றால் மூன்று பேர் சண்டை பிடிக்கிற சத்தம். தற்காலிகமாக ஓர் ஆளைத் தேடினோம். பாடுகிறவனின் கடைக்குக் காணி உறுதிப் பத்திரம் கொப்பி எடுக்க வந்த ஒருவன் கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டு நின்றானாம். கிரானைச் சேர்ந்தவன். வயல் வட்டையில் நெல் செய்கிறவன். அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்கு உடுக்கடிக்கிறவன். ஹெவி மெட்டல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. பாட்டைப் போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "இவங்க ஏன் இவ்வளவு அவசரப்படுறாங்க?" என்றான்.

நான் அவனை அன்றைக்கே வெறுத்தேன். அவன் மெதுவாக அடித்தான். மெதுவென்றால் சோம்பல் இல்லை. காலால் ஒரு அடி விழும், அடுத்தது விழ வேண்டிய நேரம் வரும், வராது, நாங்கள் மூன்று பேரும் அந்தரத்தில் நிற்போம், பிறகு விழும். சீமெந்து அறையின் தகரம் அதிரும். முன்பு ஓடிய பாட்டுகள் எல்லாம் நடக்கத் தொடங்கின. மாஸ்டருக்கு விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நூறு சுரம் வாசித்தவன் பத்துக்கு வந்தான். பாடுகிறவனின் கீச்சுக்குரல் அந்த அடிக்குப் பொருந்தவில்லை, தொண்டையை இறக்கி இறக்கிக் கடைசியில் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல உறுமத் தொடங்கினான். என் அம்மா புது வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஓ, இந்தக் குமுகுமு எண்டு வாறதா நீ?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதற்குக்கூட நான் அந்தக் கிரான்காரனுக்கு நன்றி சொல்லவில்லை.

"இது எங்கட சத்தம் இல்ல. அவன் லீவில வரட்டும், பாருங்க," என்று ஒவ்வொரு பாட்டுப் பழக்கத்தின் முடிவிலும் சொல்வேன். மாஸ்டரும் பாடுகிறவனும் ஓம் என்று தலையாட்டுவார்கள். கிரான்காரனும் ஓம் என்பான். அவனுக்கு விதைப்பு இருந்தது, அறுவடை இருந்தது, நாங்கள் எந்த வரிசையில் இருந்தோம் என்று தெரியாது.

கட்டாரிலிருந்து நண்பன் வந்தான். வந்த அன்றே வாவிக்கரைக்குக் கூட்டிப்போனேன். இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், "மச்சான், நான் கிறுகிக் கட்டாருக்குப் போகல்ல," என்றான். ஒப்பந்தம் முடித்துவிட்டானாம். அப்பாவுக்கு இனி ஏலாது, கல்லு வளவைத் தானே பார்க்கப் போகிறானாம். "பகல் கல்லு, பின்னேரம் பேண்ட். எனக்கு அது காணும். அங்க கட்டில் கம்பியில நான் கையால தட்டித் தட்டித்தான் நாள் போக்கின."

அவனைக் கட்டிப்பிடித்தேன். உண்மையாகவே சந்தோசம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கிரான்காரனுக்கு இதை யார் சொல்வது என்ற யோசனை வந்தது. அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று கிடந்து குடைந்தது. அது என்னவென்று அன்றைக்குத் தெரியவில்லை.

கிரானில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா வந்தது. கிரான்காரன்தான் பிடித்துத் தந்தான். அவனுடைய ஊர் என்பதால் முதல் பாதி அவன் அடிப்பது, இரண்டாம் பாதி என் நண்பன் அடிப்பது, அதோடு கதிரை கைமாறும் என்று பேச்சு. கிரான்காரன் சிரித்துக்கொண்டு சம்மதித்தான். தன் அம்மாவையும் அழைத்து வந்து முன்வரிசையில் இருத்தினான். அந்தம்மா அவர்கள் ஊர்ச் சடங்கில் வருசா வருசம் தெய்வம் ஆடுகிறவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த கிரான்காரன் அதை யோசிக்கவில்லை.

முதல் பாதியின் கடைசிப் பாட்டு நடுவில் ட்ரம்ஸ் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதில் கிரான்காரன் தன் கைக்கு வந்ததை அடிப்பான். அன்றைக்குச் சொந்த ஊர், சொந்தச் சனம், கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலால் தெரிகிறது. கை தானாகச் சடங்கு அடிக்குப் போய்விட்டது. அம்மனை வரவழைக்கிற அடி. முன்வரிசையில் அந்தம்மாவின் கையிலிருந்த சோடாப் போத்தல் விழுந்தது. தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது. எழுந்து ஆடத் தொடங்கினார்.

நாங்கள் பாட்டை முடிக்கப் போனோம். பின்னால் இருந்து கிரான்காரன் கத்தினான்: "நிப்பாட்டிராதீங்க! அம்மா மலையேறுமட்டும் அடிக்கணும்!"

எங்கள் பகுதியில் இதை விளக்க வேண்டியதில்லை. வரவழைத்த தெய்வத்தை அடித்தே அனுப்பி வைக்க வேண்டும். பாதியில் அடி நின்றால் ஆடுகிறவருக்கு ஆகாது. ரசாயன மாஸ்டர் கடவுள் இல்லையென்று கரும்பலகையில் எழுதாத குறையாகப் பேசுகிறவன். கரி பூசிய முகத்தோடு அவனும் நிறுத்தாமல் வாசித்தான். நாலு நிமிசப் பாட்டு முடிய மறுத்தது. மாஸ்டரிடம் இருந்த வித்தையெல்லாம் தீர்ந்து இரண்டு சுரத்துக்கு வந்தான். நான் ஒரே சுரத்துக்கு வந்தேன். பாடுகிறவனுக்கு இங்கிலிஸ் வரிகள் முடிந்துபோக, அதே உறுமல் குரலில் "தாயே... தாயே..." என்றான். அதுவரை பேய்க்கத்தல் கேட்கிற முகத்தோடு இருந்த சனம் எழுந்து கைகூப்பியது. யாரோ வேப்பிலை முறித்து வந்தார்கள், யாரோ மஞ்சள் தண்ணீர்.

தெய்வம் வந்தால் கட்டுச் சொல்லும், அதாவது ஒவ்வொருவருக்கும் வாக்குச் சொல்லும். முதலில் கழகத் தலைவரிடம் போனது. "கோயில் வளவுக்குள்ள வேலியத் தள்ளிப் போட்டவன் ஆர்ரா?" தலைவர் மாலையோடு வியர்த்தார். பிறகு மேடை ஓரத்தில் குச்சிகளோடு காத்து நின்ற என் நண்பனிடம் வந்தது. நெற்றியில் திருநீறு அப்பி, "கடல் தாண்டிப் போய் வந்திரிக்காய். பயப்பிடாத. உன்ட இடம் உனக்கிரிக்கி," என்றது.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதைத் தெய்வமும் சொல்கிறது பார் என்பதுபோல. நான் கிட்டார் நரம்பைப் பார்த்தேன். ஏனென்றால் அந்த ஒற்றைச் சுரத்தை அடித்துக்கொண்டு நின்றபோது என் உடம்பு அப்படி நிறைந்திருந்தது. அது முடியக்கூடாது என்று ஆசைப்பட்டேன். முன்பு ஒருநாளும் அப்படி ஆசைப்பட்டதில்லை, எப்போதடா முடியும் என்றுதான் ஓடியிருக்கிறேன். கிரான்காரன் மெல்ல மெல்ல அடியை இறக்கி, கடைசியாக ஒரு அடி அடித்து நிறுத்தினான். அம்மா கதிரையில் சாய்ந்தார். முகம் துடைத்துவிட்டார்கள். "என்ட சோடா எங்ககா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார்.

இரண்டாம் பாதி. நண்பன் கதிரையில் இருந்தான், குச்சியை நாலு தடவை தட்டினான், பழைய பாட்டைப் பழைய வேகத்தில் தொடங்கினான். ஒரு அடிகூடப் பிசகவில்லை. பிசகியது நாங்கள். அவன் முந்திப் போனான், நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். "கெதியா வாங்கடா!" என்று கத்தினான். பாடுகிறவன் கீச்சுக்குரலைத் தேடினான், இருமல்தான் வந்தது. என் விரல்கள் ஓடவில்லை. ஓடத் தெரியாமல் இல்லை, அந்த அடுத்த அடி விழும்வரை காத்திருக்கப் பழகிவிட்டிருந்தன. ட்ரம்ஸ்காரன் மாறினால் ட்ரம்ஸ் மட்டும் மாறும் என்று நினைத்த முட்டாள் நான். கூட்டத்தில் ஒருவன், "மறுகா ஒருக்கா அந்த அம்மாட பாட்டப் போடுங்க!" என்று கூவினான். எல்லாரும் சிரித்தார்கள். நண்பன் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினான்.

அடுத்த பழக்கத்துக்குச் சீமெந்து அறைக்கு எல்லாரும் வந்தோம். கிரான்காரன் உள்ளே வராமல் வாசலில் நின்றான். "அவர்ர இடம்தானே. நான் வயலுக்குப் போறன்," என்றான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, அவன் அதை மறைக்கவும் இல்லை. மாஸ்டரும் பாடுகிறவனும் என்னைப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்தவன் நான்.

"சொல்லு மச்சான்," என்றான் நண்பன்.

"எங்களுக்கு இப்ப பழைய மாதிரி வாசிக்கத் தெரியா," என்றேன்.

"அதுக்கென்ன, பழகலாமே. எனக்கு அவசரமில்ல."

அவனுக்கு அவசரமில்லை என்று அவன் வாயால் கேட்டது அன்றுதான். பழகலாம்தான். ஆறு மாதத்தில் திரும்பவும் ஓடலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பழக எங்களுக்கு ஆசையில்ல மச்சான்," என்றேன்.

அவன் கையிலிருந்த குச்சிகளை ட்ரம்ஸின் மேல் வைத்தான். "கட்டுச் சொன்ன மனிசிக்கு ட்ரம்ஸப் பத்தி ஒண்டும் தெரியாது போல," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே போய்விட்டான். அறையைக் காலி பண்ணச் சொல்வான் என்று பயந்தோம். சொல்லவில்லை. ஆனால் அப்பா காலத்து வழக்கத்தை நிறுத்திவிட்டான். ஐந்து மணிக்கு மெசின் நிற்பதில்லை. நாங்கள் கிரான்காரனோடு வாசிக்கிற நேரம் முழுக்க அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஓடும். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவான்.

போன மாதம் அதே அறையில் எங்கள் பாட்டைப் பதிவு செய்தோம். டவுனில் இருந்து வந்த ஒலிப்பதிவுப் பையன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முகம் சுளித்தான். "அண்ணன், அடியில ஒரு தடதட எண்டு ஓடுது. உங்கட தாளத்தோட சேரல்ல, முந்திப் போகுது. எடுத்திரட்டா?"

நான் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். கிரான்காரனின் அடி விழுவதற்கு மயிரிழை முந்தி அது ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாம், இரிக்கட்டும்," என்றேன். "அது எங்கட ட்ரம்மர்."