பச்சை ஸ்டிக்கர்

ஓசூர் பேருந்து நிலையம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம். என் பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். கேக் மணக்கிறது.

"லீவு கிடைக்கலக்கா. தூத்துக்குடி போற ரூம்மேட்கிட்ட அம்மைக்குக் கொடுத்தனுப்புதேன். ஓவன் இல்லாம, குக்கர்ல மணலப் போட்டு அதுமேல பாத்திரத்த வச்சு நானே செஞ்சது. அடி கருகிட்டு."

கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு கீறல் இருந்தாலும் பொருளை ஒதுக்கிவிடுவாளாம். சரியாக இருந்தால்தான் 'ஓகே' என்ற பச்சை ஸ்டிக்கர். அதில் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டிமேல் ஒட்டுகிறாள்.

"கருகின கேக்குக்கு ஓகேவா?" என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிடுகிறேன்.

"கேக்குக்கு இல்லக்கா." ஸ்டிக்கரின் ஓரங்களை விரலால் அழுத்துகிறாள். "நான் நல்லாருக்கேன்னு அம்மைக்குத் தெரியணும்லா."