கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு சீட்டு

மனமகிழ் மன்றத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்பானர் என்றால்தான் தெரியும். குழாய் ரிப்பேர்க்காரர், வேலை முடிந்து நேரே வருவதால் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும். பதினோரு வருடமாக மன்றத்தின் சம்பளமில்லாத ஊழியர். வாரத்தில் மூன்று மாலை கதவைத் திறப்பார், ஒழுகும் குழாயை முறுக்குவார், கேரம் பலகைகளைத் துடைத்துப் பவுடர் தூவுவார்.

வருடத்துக்கு ஒருமுறை செயலாளர் அம்மா தொண்டர்களிடம் ஒரு படிவம் நீட்டுவார். 'நீங்கள் ஏன் தொண்டு செய்கிறீர்கள்?' என்று அதில் ஒரு கேள்வி. ஆளாளுக்கு அளந்து விடுவார்கள்: சமூக நலன், உடல் நலன், ஊர் ஒற்றுமை. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று ஒருத்தராவது எழுதியதுண்டா? 'குழாய் ஒழுகுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை' என்று ஸ்பானர் எழுதுவார். அதுவும் புளுகுதான். அவர் வந்தது அண்ணனுக்காக.

அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவை எட்டு வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டது அவர்தான். ஸ்பானர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் அம்மா இறந்த அன்று, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஸ்பானர் ஒன்றைச் சொன்னார்.

"நீ ஒழுங்கா பாத்திருந்தா அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பாங்க."

அண்ணன் சத்தம் போடவில்லை. "இனிமே உன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அண்ணன் மன்றத்தில் கேரம் ஆட வருகிறார் என்று கேள்விப்பட்ட மறுவாரமே ஸ்பானர் அங்கே தொண்டரானார். ஒரே ஒரு மன்னிப்பு கேட்கவேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதினோரு வருடம் போதவில்லை.

கேரத்துக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்று ஐந்து மணிக்குச் சீட்டெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். ஒன்று முதல் நான்கு வரை ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு சீட்டு. எழுதுவது ஸ்பானர், டப்பாவை நீட்டுவதும் ஸ்பானர். நான்காம் எண் சீட்டு இரண்டையும் டப்பாவின் மூலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். மற்ற ஆறு பேர் எடுத்த பிறகு அண்ணனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஊருக்கெல்லாம் நேரம் பார்த்து பஸ் அனுப்பிய அண்ணன், மன்றத்துக்கு மட்டும் எப்போதும் கால் மணி நேரம் லேட். அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம் நடந்தது. என்றைக்காவது நேரத்துக்கு வந்து முதல் ஆளாகக் கையை விட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று ஸ்பானருக்கு ஒவ்வொரு தடவையும் பயம். நல்லவேளை, மனிதர் ஒருநாளும் திருந்தவில்லை.

ஆடும்போது ஜோடிக்குள் பேசக்கூடாது என்பது மன்றத்து விதி. பேசாதவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அண்ணனின் விரல்களைப் பார்த்துக்கொண்டே ஸ்பானர் ஒரு மணி நேரம் இருப்பார். அம்மாவுக்கும் அதே நீண்ட விரல்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. அண்ணன் சிவப்பைப் போட்டு, ஃபாலோவும் போட்டு ஆட்டத்தை முடித்தார். எல்லோரும் கலைந்த பின்னும் அவர் கிளம்பவில்லை. தொட்டியருகே நின்று கையிலிருந்த பவுடரைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். இரண்டு கை கழுவ அவ்வளவு தண்ணீரா? ஸ்பானர் பக்கத்தில் போனார். பதினோரு வருடமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. வாயில் வந்ததோ வேறு.

"குழாய ரொம்ப இறுக்கி மூடாதீங்க. வாஷர் போயிடும்."

அண்ணன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். "ம்" என்றார். குழாயை மெதுவாக மூடிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆறு பேர் எடுத்து முடித்தார்கள். ஸ்பானர் டப்பாவைப் பிடித்தபடியே நின்றார். ஐந்தரை ஆயிற்று. "விடுப்பா, ஆறு பேரோட ஆடுவோம்" என்றார் ஒருவர். அப்போதுதான் போன் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்பானர் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போனார். அண்ணி அறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணன் மன்றத்துக்கு மட்டும் எப்பவும் லேட்டாதான் வருவாரு" என்றார் ஸ்பானர்.

அண்ணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "அவரா லேட்டு? நாலே முக்காலுக்கே எதிர்த்த டீக்கடைல உக்காந்துடுவாரு தம்பி. ஜன்னல் வழியா உங்களையே பாத்துட்டு இருப்பாராம். ஆறு பேரும் எடுத்ததும் எந்திரிப்பாராம். 'விரல அழுத்திட்டே நிக்கிறான், பாவம், வலிக்கும்'னு சொல்லுவாரு."

ஸ்பானர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"உங்க பேரைச் சொல்லமாட்டாரு. சொன்ன சொல் சொன்னதுதானே. 'என் பார்ட்னர்'னுதான் சொல்லுவாரு."

அதற்குமேல் தாங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர், விம்மி விம்மி அழுதார். அழுகைக்கு நடுவில் அந்த வாக்கியமும் வந்தது, கேட்கும் ஆள் மட்டும் மாறி. "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அண்ணன் அம்மாவ நல்லா பாத்துக்கிட்டாரு."

அண்ணி அவரைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "இத எங்கிட்ட சொல்லி என்ன தம்பி பண்றது?" என்றார்.

இந்த வருடப் படிவத்திலும் ஸ்பானர் குழாய் என்றுதான் எழுதிக் கொடுத்தார். சரியாக ஐந்து மணிக்கு டப்பாவை நீட்டினார். கட்டைவிரலை வெளியே வைத்திருந்தார்.