பின் வண்டியின் நிமிடம்

"இன்னும் முப்பது செகண்டு இருக்குதுங்க. அதுக்குள்ள கியரப் போட்டா எப்படிங்க?"

கோவை செல்லும் வண்டியின் முன்கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு அழகிரிசாமி ஓட்டுநரிடம் சொல்கிறார். சொல்லும்போதே கால் மாற்றி மாற்றி நிற்கிறார். வலது கால், இடது கால், மறுபடி வலது. அவிநாசி பேருந்து நிலையத்துக் கடிகாரம் ஓடாமல் நின்று எத்தனையோ மாதமாகிறது. அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை. முப்பது வினாடி முடிந்ததும் விசில். வண்டியின் விலாவில் இரண்டு தட்டு. ஏழு பன்னிரண்டு வண்டி நகர்கிறது. அது வாசலைத் தாண்டும் முன்பே அவர் அடுத்த வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

ஐம்பத்தேழு வயது. தனியார் பேருந்து முதலாளிகள் சேர்ந்து நியமித்திருக்கும் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்ற தாளை ஓர் அட்டையில் செருகிக் கையில் வைத்திருப்பார். உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடமாக அதில் அவருடைய சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதானாம். அடுப்பில் குக்கர் ஏறினால் சமையலறை வாசலில் வந்து நின்றுகொள்வாராம். "மூணாவதுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்குது லட்சுமி." மனைவி வெங்கடலட்சுமி ஒரு நாள் பொறுமையிழந்து, "குக்கரையாவது அதுபாட்டுக்கு ஊத வுடுங்க" என்று கதவைச் சாத்தியிருக்கிறார்.

கோவைக்கு ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி. முன் வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால், பின் வண்டிக்கு வர வேண்டிய ஆட்கள் அதில் ஏறிவிடுவார்கள். பின் வண்டி அதை விட்டுக்கொடுக்காது. வழியில் விரட்டிப் பிடிக்கப் பார்க்கும். ஆறு வருடத்துக்கு முன்பு, கோயிலில் கல்யாணம் முடித்து வந்த ஒரு குடும்பத்துக்காக அழகிரிசாமி முன் வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்தார். கைக்குழந்தையும் கிழவியுமாக இருபது பேர் அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள். கருமத்தம்பட்டி அருகே பின் வண்டி அதை முந்தப்போய்த் திடீரென்று பிரேக் போட, படியில் நின்ற கண்டக்டர் ரிஃபத் தார்ச்சாலையில் விழுந்தார். வலது காலில் இன்றும் இரும்புத் தகடு இருக்கிறது.

ரிஃபத் இப்போதும் அதே பின் வண்டியில்தான் வருகிறார், ஏழு பதினெட்டுக்குக் கிளம்புகிற வண்டி. கேட்டால் சிரிப்பார். "அண்ணனும் மறந்துட்டாரு, நானும் மறந்துபோட்டனுங்க. இந்தக் காலுதான் படியேறும்போதெல்லாம் ஞாபகப்படுத்துது."

அண்ணன் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் யாருக்காகவும் வண்டியை நிறுத்தியதில்லை. கெஞ்சுகிறவர்களிடம் ஒரே பதில்தான்: "அந்த நிமிஷம் என்னோடது இல்லீங்க. பின்னால வர்றவனோடது. அடுத்தவன் பொருளை எடுத்துத் தானம் பண்ண நா ஆருங்க?"

தினமும் காலையில் இந்த நிலையத்துக்கு வருகிற எனக்கு இந்தப் பதிலில் எந்தப் பிழையும் தெரியவில்லை. பழனாத்தாள் வரும்வரை.

சேவூர்ப் பக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். கோவையில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. எட்டரைக்குள் எந்திரத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும்; ஏழு பன்னிரண்டை விட்டால் அது முடியாது. அவள் வருகிற டவுன் பஸ் ஏழு ஐந்துக்கு வர வேண்டியது. பாதி நாள் ஏழு பத்துக்குத்தான் வரும். நிலையத்தின் அந்தக் கோடியில் அது நிற்கும். இந்தக் கோடியில் ஏழு பன்னிரண்டு. அவளுக்கு மூட்டு வலி. அந்தத் தூரத்தை அவள் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகக் கடப்பதை எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியன்றே அவள் சொல்லிவைத்திருந்தாள். "ஏனுங்ணா, ரெண்டு தடவ லேட்டாயிருச்சுங்க. இன்னொருக்கா ஆனா வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. கொஞ்சம் பாத்துக்குங்ணா."

"பஸ்ஸு வந்தா ஏறுங்க அம்மணி. வராட்டி நா என்ன பண்ணட்டும்?"

திங்களன்று மழை. டவுன் பஸ் ஏழு பதினொன்றுக்கு வந்தது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் வருவது எல்லாருக்கும் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கத்தினார்கள். "அந்தம்மா வருதுங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க." பின்னால் ரிஃபத்தின் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அழகிரிசாமி அவளைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார். அவள் இருபதடி தூரத்தில் இருந்தாள்.

"மனுசனாய்யா நீ" என்று யாரோ வண்டிக்குள்ளிருந்து கேட்டார்கள். பழனாத்தாள் அடுத்த வண்டியிலும் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை அங்கேயே திறந்து தின்றாள். கடைசிப் பருக்கைவரை தின்று, டப்பாவைக் குழாயில் கழுவி, திரும்பிப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"அழுதிருந்தாலாச்சும் பரவால்லீங்க. ஏழேகாலுக்கு மத்தியானச் சோத்தத் தின்னுபோட்டுப் போச்சுங்க" என்பார் அழகிரிசாமி, கால் மாற்றி நின்றபடி.

அன்று தொடங்கியது அந்தக் கேள்வி. டீ மாஸ்டரிடம், ஓட்டுநர்களிடம், முன்பின் அறியாத பயணிகளிடம், என்னிடம். "நா செஞ்சது செரிதானுங்களே?" நான் சரி என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அடுத்த வாரம் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ரிஃபத்து காலுக்கு ஆருங்க பதில் சொல்றது?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு எந்தப் பதிலும் போதவில்லை.

நிலையத்து வாசலில் பூ விற்கும் பூக்காரம்மா ஒரு நாள் மடக்கினார். "உங்க பொண்ணு ஓடி வந்திருந்தாலும் ஊதியிருப்பீங்களா?"

"ஊதியிருக்கறனுங்க. பூஜிதாகிட்ட வேணாக் கேட்டுப் பாருங்க. ரெண்டு நா எங்கூடப் பேசல."

சொன்னது உண்மைதான். மகள் கல்லூரிக்குப் போன காலத்தில் இதே வண்டியை அவளுக்கு முன்னாலேயே அனுப்பியிருக்கிறார். ஜெயித்துவிட்டதாக நினைத்துத்தான் சொன்னார். நாலடி நடந்து திரும்பி வந்தார். "ஆனா பூஜிதாவுக்குப் போனது ஒரு கிளாஸுங்க" என்றார். ஒரே நிமிடம், ஒரே விசில். ஒருத்திக்கு ஒரு வகுப்பு, இன்னொருத்திக்கு இரண்டு பிள்ளைகளின் சோறு. எல்லாருக்கும் சமமாக ஊதுகிற விசில் எல்லாருக்கும் சமமாகவா கேட்கிறது? இந்த மனிதரின் கால்கள் ஏன் ஓயவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கிற்று.

அதன் பிறகுதான் இந்தப் பழக்கம். டவுன் பஸ் நுழைவது தெரிந்தால் அழகிரிசாமி அந்தக் கோடிக்கு ஓடுகிறார். இறங்குகிறவர்களின் பையை, மூட்டையை, பிள்ளையைக்கூடப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இந்தக் கோடிக்கு ஓடிவருகிறார். "ஏனுங்க, கோயமுத்தூரா? கையை வீசிட்டு ஓடியாங்க, பையி எனக்கு முன்னால போவும்." வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சரியாக ஏழு பன்னிரண்டுக்கு விசில். நிமிடம் பின் வண்டிக்காரனுடையது, கால் அவருடையது.

ஓட்டுநர்கள் கேலி செய்கிறார்கள். "என்னுங்க சாமி, போர்ட்டர் வேலையும் எடுத்துக்கிட்டீங்களா?" ரிஃபத் மட்டும் கேலி செய்வதில்லை.

பழனாத்தாள் அதன் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். வண்டி மாற இங்கேதான் வருவாள். ஒன்பது மாதம் அழகிரிசாமி இருக்கும் பக்கம் அவள் முகம் திரும்பவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அவளிடம் மட்டும் அந்தக் கேள்வியை அவர் கேட்டதேயில்லை.

போன திங்கட்கிழமை, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நீலாம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்திருப்பதாகப் பூக்காரம்மா சொன்னார். முதல் நாள். ஏழு பன்னிரண்டைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஏழு பத்து தாண்டி அரை நிமிடம் கழித்து டவுன் பஸ் வந்தது. கனத்த துணிப்பையோடு அவள் இறங்கினாள்.

அழகிரிசாமி ஓடினார். அவள் முன்னால் நின்று கையை நீட்டினார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வேகமாக நடக்கப் பார்த்தாள். மூட்டு விடவில்லை. பை ஒரு பக்கம் இழுத்தது. அவர் இரண்டடி பின்னால், நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் வந்தார். இந்தக் கோடியில் ஓட்டுநர் கியரைப் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஊத வேண்டியவர் அந்தக் கோடியில் இருந்தார். அவர் நினைத்தால் அன்று தாமதமாக ஊதியிருக்கலாம். அவள் பின்னாலேயே நடந்து, அவள் வண்டியை எட்டிய பிறகு ஊதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது செகண்டு இருக்குதுங்க அம்மணி" என்றார்.

பழனாத்தாள் நின்றாள். திரும்பவில்லை. பையைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். வெறுங்கையோடு, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியை நோக்கி ஓடினாள்.

அழகிரிசாமி குனிந்தார். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பையைத் தூக்கித் தலையில் வைத்து, அவளையும் முந்திக்கொண்டு ஓடினார்.