சேவல் முந்திக் கூவிய பாஸ்கா

எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆண்டவரின் சிலுவைப் பாடுகளை நடிப்போம். வாயை மட்டும் அசைப்போம். மலைக்காற்று மைக்கில் புகுந்து இரண்டு வருடம் நாடகத்தையே கெடுத்ததால், வசனம் முழுவதையும் போன வருடம் பள்ளிக்கூட அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். பேதுரு வேஷம் என் அண்ணனுக்கு. ஆண்டவரைப் பிடித்துப் போன பிறகு, நெருப்பருகே நின்று பேதுருவைக் கேள்வி கேட்கும் வேலைக்காரி நான். அவன் மூன்று முறை மறுப்பான். பிறகுதான் சேவல் கூவும்.

ஆவணி மாதம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்து அண்ணன் செத்துப்போனான். அவன் போனும் நொறுங்கிவிட்டது. வீட்டில் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. வசனப் பதிவு மைக்செட்காரரிடம்தான் இருந்தது; அண்ணன் பேசியதைத் தரச்சொல்லி இரண்டு தடவை கேட்டேன். “பாஸ்கா முடியட்டும்த்தா” என்றார்.

இந்த வருடம் பேதுருவின் அங்கியை வேறொருவன் போட்டான். குரல் அண்ணனுடையதுதான். அதைக் கேட்கத்தான் மேடையேறினேன். அம்மாவும் அதற்காகத்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் வாயசைத்தேன். ஸ்பீக்கரில் என் குரல் கேட்டது: “நீயும் அவரோடு இருந்தவன்தானே?”

அண்ணன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மைக்செட்காரர் வசனத்தைத் தன் சொந்தப் போனிலிருந்தே ஓட்டியிருக்கிறார்! பதற்றத்தில் எடுத்தும் தொலைத்தார். கூப்பிட்டவன் குரல் ஸ்பீக்கரில் அலறியது:

“ஏலே, எங்கன இருக்க? வீரபாண்டித் திருவிழாவுக்கு ட்யூப்லைட் கட்ட ஆள் நிக்குதுலே!”

ஊரே சிரித்தது. அவர் தடவித் தடவி மறுபடி ஓட்டினார். சேவல் கூவியது. பேதுரு இன்னும் வாயே திறக்கவில்லை.

“சேவலுக்கு என்னலே அம்புட்டு அவசரம்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அதுக்கும் வீரபாண்டியில வேலை கெடக்கும்ல!”

மறுபடியும் சிரிப்பு. அம்மா மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சி தொடங்கிவிட்டது.

வேலைக்காரி வேஷத்தோடு அவர் மேசைக்குப் போனேன். “எங்கண்ணன் பேசுறத ஏன் முழுங்கினீக, சித்தப்பா?”

“மூணு வரிதானத்தா. எல்லாத்துக்கும் தெரிஞ்ச கதைதான? பங்குச் சாமியாரே ஒண்ணும் சொல்லல.”

“ஊருக்குத்தான் கதை. எங்கம்மாவுக்கு அது அவ மகன் பேச்சு. ஏரோபிளேன் மோடுல போட்டிருந்தா செத்தா போவீக?”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என்னையே குத்தியது. திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். “பொம்பளப்புள்ள இங்கன நின்னு கத்தாத. அங்கிட்டுப் போ.” போன் அடித்தபோது இவர் எங்கே போயிருந்தார்? சிரித்தவர்களை அதட்ட வாய் வரவில்லை, என்னை அதட்ட வருகிறது. நான் நகரவில்லை. ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கும்வரை அந்த மேசையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சனம் நாற்காலியை மடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமலே மைக்செட்காரர் அந்த இடத்தை ஓட்டினார். அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த ஆளை எனக்குத் தெரியாது.”

அண்ணன்தான். இரண்டாவது முறை சொல்லும்போது, வசனம் மறந்து கொஞ்சம் தடுமாறுவான். அதுவும் அப்படியே இருந்தது. மூன்று முறையும் சொல்லி முடித்தான். அதற்கப்புறம் சேவல் கூவியது.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“போனை அமத்திட்டு, இன்னொருக்கா போடுங்க” என்றாள்.