ரத்தம் வந்தால் வெளியே

ஒட்டடைக்குச்சி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது, ஓர் இரும்பு பீரோ மாடிப்படியில் சிக்கிக்கொண்ட அன்றைக்கு. என் கடைசித் தங்கையின் நாத்தனார் வீடு மாறிக்கொண்டிருந்தாள். பீரோவைத் தூக்கிவந்த ஆண்பிள்ளைகள் அதைச் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செருகிவிட்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். கீழேயிருந்து யாரோ, "ஒட்டடைக்குச்சியக் கூப்பிடுங்கப்பா, இவங்களால ஆகாது" என்று கத்தினார்கள். வந்தது ஒரு பெண். நெடுநெடுவென்ற உயரம், ஒட்டிய கன்னம், ஊதினால் பறந்துவிடுவாள் போன்ற உடம்பு. நாத்தனாரின் சின்ன மகள்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பீரோவுக்கு அடியில் தோளைக் கொடுத்து, "மேல இருக்கறவங்க சும்மா பிடிச்சா போதும், இழுக்காதீங்க" என்றாள். பீரோ ஏறிவிட்டது. ஆண்பிள்ளைகள் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குள் நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து மகளின் காதில் ஏதோ கேட்டாள். "இல்லம்மா, இன்னிக்கு இல்ல" என்று மகள் சொன்ன பிறகுதான் தாயின் முகத்தில் ரத்தம் வந்தது.

அந்த வீட்டில் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. மாதவிடாய் நாட்களில் பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படியைக்கூட நின்று நின்றுதான் ஏற வேண்டும். காரணம் மூத்த மகள், பெரியவள். கட்டிக்கொடுத்த இடத்தில் பெரியவளுக்கு இரண்டு தடவை கர்ப்பம் தரித்து, இரண்டு தடவையும் தங்கவில்லை. கட்டியவன் முகம் கொடுத்துப் பேசாமல் போனதும் பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் எதற்கு என்று கேட்ட உறவுக்கெல்லாம் தாய் ஒரே பதிலை வைத்திருந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்த்தால்ல, அந்த நாள்லயும் ஈர மூட்டையத் தூக்கினா. வயிறு இளகிப்போச்சு." பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுத்தும் பேசாமல், ஆமாம் என்றும் சொல்லாமல், காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

குச்சிக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. துவைத்த விரிப்புகளை ஈரத்தோடு வாரி, தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் இயந்திரத்துக்கு ஏற்ற வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் மட்டும் முதுகுவலி என்று சொல்லிவிட்டு மடிக்கும் மேசைக்கு மாறிக்கொள்வாள். "உனக்கு மட்டும் முதுகுவலி சம்பளம் மாதிரி மாசா மாசம் வருதே!" என்பார் மேற்பார்வையாளர். நல்ல கனத்த மனுஷர். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டுவாள்.

ஒருநாள் உலர்த்தும் இயந்திரத்தில் பஞ்சு அடைத்துத் தீப்பிடித்தது. கூடம் முழுக்கப் புகை. தீயணைப்பு வண்டியில் வந்த ஓர் ஆள் உள்ளே போய், மயங்கிக் கிடந்த மேற்பார்வையாளரைத் தோளில் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தரையில் கிடத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பெண்! கண்ணைத் திறந்த மேற்பார்வையாளருக்கு உயிர் பிழைத்ததைவிட மானம் போனதுதான் பெரிதாக இருந்தது. குச்சி அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம், "அவரு எவ்ளோ கனம் இருப்பாரு? நம்ம மூட்டை ரெண்டு. நான் தினம் தூக்கறேனேக்கா" என்றாள்.

அதிலிருந்து அவளுக்குத் தீயணைப்புப் படை ஒன்றே நினைப்பு. முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே போயிற்று. இந்தத் தடவை தேறினாள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும். மிச்சம் இருந்தது உடல் தேர்வு. ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், கடைசியாக ஓர் ஆள் கனத்துக்கு மணல் அடைத்த பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறித்த நேரத்தில் போய்ச்சேர வேண்டும். விடியுமுன் எழுந்து ஓடிப் பழகினாள். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் மட்டும் ஓடமாட்டாள். தாய் கதவருகில் படுத்திருப்பாள்.

தேர்வு திங்கள்கிழமை என்று தெரிந்ததும் விரல் விட்டுப் பார்த்தாள். அதே நாள். மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரப் பெண்ணின் முன்னால் நின்று, இருமல் மருந்து விலையெல்லாம் விசாரித்தாள்.

"என்னடி வேணும் உனக்கு? தள்ளிப் போடற மாத்திரைதானே? அதை வாய்விட்டுக் கேக்கறதுக்கா இந்த முக்கு முக்கறே?" என்றாள் கடைக்காரி.

ஞாயிறு இரவோடு மாத்திரை முடிந்தது. திங்கள் காலை மைதானத்துக்குப் போனால், இரவு பெய்த மழையில் அது குளமாகக் கிடந்தது. ஒலிபெருக்கியில், "வியாழக்கிழமை வாங்க" என்றார்கள். மற்றப் பெண்கள் இன்னும் இரண்டு நாள் பயிற்சிக்குக் கிடைத்ததென்று சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். குச்சி நேரே மருந்துக்கடைக்கு ஓடினாள்.

"நிறுத்திட்டேல்ல? ரெண்டு மூணு நாள்ல வந்துடும். இப்போ மறுபடி போட்டாலும் நிக்கும்னு சொல்ல முடியாது" என்றாள் கடைக்காரி.

வந்துவிட்டது. வியாழன் விடியற்காலையில், மற்ற மாதங்களைவிட இரண்டு மடங்காக. குளியலறையிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்தாள். தாய் வாசற்கதவுக்குக் குறுக்கே நின்றாள். அவள் கையில் குச்சியின் ஷூ.

"எங்க கிளம்பறே?"

"தெரியாத மாதிரி கேக்கறியேம்மா."

"இந்த உடம்போடயா?"

குச்சி ஷூவுக்குக் கையை நீட்டினாள்.

"விட்டாப் போகட்டும்டி அந்த வேலை. ஒருத்தி வயித்தைக் கெடுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்காளே, அது போதாதா? ஓடறாளாம், கயிறு ஏறறாளாம்! கர்ப்பப்பை கீழ இறங்கிடும், தெரியுமா? அப்புறம் ஆயுசுக்கும் அழுதாலும் ஏறாது."

அடுப்படியிலிருந்து பெரியவள் வந்தாள். "அவ ஷூவக் குடும்மா."

"நீ பேசாதே. உனக்கு ஆனது போதும்."

"எனக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? மூட்டை தூக்கி..."

"நான் அந்த நாள்ல மூட்டை தூக்கினதே இல்லம்மா" என்றாள் பெரியவள். குரல் உயரவில்லை. "நீ சொன்ன மாதிரியே முதுகுவலின்னு சொல்லிட்டு மடிக்கற மேசையில உக்காந்திருந்தேன். ஒரு மாசம் தவறினதில்ல. அந்த முதுகுவலியை இவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். ஒரு வாளி தண்ணிகூடத் தூக்கல."

தாய் சின்னவளைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். "பின்ன ஏன்டி இத்தனை வருஷமா வாயத் திறக்கல?"

"நீ ஊருக்கெல்லாம் சொல்லிட்டே. ஏதோ ஒரு காரணம் இருக்குன்னா எனக்கும் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு. காரணமே இல்லாம போச்சுன்னு சொல்லிக்க எனக்கு வாய் வரலம்மா."

தாயின் கை தளரவில்லை. பெரியவள்தான் விரல் விரலாகப் பிரித்து ஷூவை வாங்கித் தங்கையிடம் கொடுத்தாள். இருவரும் ஒதுங்கி வெளியேறும்போது, "ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மைதானத்தில் நெஞ்சில் எண் எழுதிய பனியனும் வெள்ளைக் கால்சட்டையும் கொடுத்தார்கள். "வெள்ளைன்னு முடிவு பண்ணினவன் ஆம்பளையாத்தான் இருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு அக்கா வேலிக்கு வெளியே போய் நின்றாள். அங்கே அண்ணன்மார், அப்பாமார், டீ விற்கிறவர் என்று ஏகப்பட்ட ஆண்கள். தேர்வதிகாரி ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விதிகளைப் படித்தார். கடைசி விதியை மட்டும் தாளைப் பார்க்காமல் சொன்னார். "யாருக்காவது காயம் பட்டு ரத்தம் வந்தா உடனே வெளிய வந்துடணும். போன தடவை ஒருத்தன் முட்டி கிழிஞ்சதை மறைச்சுக்கிட்டு ஓடி, மயங்கி விழுந்து, என் வேலைக்கே உலை வெச்சான். ரத்தத்தைப் பார்த்தேன்னா அனுப்பிடுவேன். கெஞ்சக் கூடாது."

குச்சி தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தாள்.

ஓட்டத்தின் முதல் சுற்றில் அடிவயிற்றை யாரோ ஈர விரிப்பைப் போல இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார்கள். வலிகூடப் பெரிதில்லை. ஒவ்வொரு தடவை கால் தரையில் பட்டபோதும் தாய் சொன்னது நடக்கப்போகிறதென்று உள்ளே காது கொடுத்துக்கொண்டே ஓடினாள். இப்போது இறங்கும், இதோ இந்த அடியில் இறங்கும். இரண்டாம் சுற்றில் முறுக்கு கொஞ்சம் விட்டது. எதுவும் இறங்கவில்லை. முந்தியவர்களில் இல்லை, ஆனால் நேரத்துக்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

கயிறேற்றத்தில்தான் வந்தது வினை. தொடைகளால் கயிற்றை இறுக்கி உச்சி மணியை அடித்துவிட்டு இறங்கும்போதே கதகதப்பாக உணர்ந்தாள். குனிந்து பார்க்கத் தேவையில்லை. தண்ணீர்க் குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில். வரிசையை விட்டால் முறை போய்விடும். பனியனைக் கீழே இழுத்துவிட்டாள். உயரமானவளுக்கு அது இடுப்போடு நின்றுவிட்டது.

அவளுடைய முறை வந்தது. பொம்மையின் பக்கத்தில் போய் நின்றாள். ஊதல் கத்தியது.

"ஏம்மா, நீ வெளிய வா."

"எதுக்கு சார்?"

"ரத்தம் தெரியுது. கயித்துல கிழிச்சுக்கிட்டியா? எங்க காயம்?"

"காயம் இல்ல சார்."

"பின்ன தக்காளியா? விதி சொன்னேன்ல?" அவருடைய பேனா தாளில் அவள் எண்ணைத் தேடி இறங்கியது.

வாய்க்குப் பழகிய முதுகுவலி நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னாலும் வெளியேதான், சொல்லாமல் நின்றாலும் வெளியேதான். வேலியில் அத்தனை ஆண்களும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனா ஓர் இடத்தில் நின்றது.

"பீரியட்ஸ் சார்" என்றாள், உதட்டுக்குள்.

"என்னது? சத்தமாச் சொல்லு."

"பீரியட்ஸ் சார்!" என்று கத்தினாள். டீ விற்கிறவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். "காயமெல்லாம் இல்ல. மாசா மாசம் வர்றதுதான். இதோடதான் ஓடினேன், இதோடதான் கயிறு ஏறினேன். எழுதாதீங்க சார். இதையும் தூக்கிடுவேன்."

அதிகாரி வானத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். "அதுக்கில்லம்மா... விதியில ரத்தம்னு..."

"காயம்னு இருக்கு சார்" என்றாள், பொம்மைக்குக் காவலாக நின்ற தீயணைப்புக்காரப் பெண்மணி, எங்கோ பார்த்தபடி.

குச்சிக்குப் பின்னால் நின்ற குட்டையான பெண் சேர்ந்துகொண்டாள். "இதுக்கெல்லாம் அனுப்பினா பாதி வரிசை வீட்டுக்குத்தான் சார் போகணும். என்னையும் சேத்து."

வேலியில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "சரி, சரி, போ!" என்று சொன்ன கையோடு கடிகாரத்தைத் தட்டிவிட்டார்.

அவள் தயாராகக்கூட இல்லை. பாய்ந்து பொம்மையைப் புரட்டினாள். தோளில் ஏறவில்லை, வழுக்கியது. மறுபடி குனிந்து, முட்டியை ஊன்றி, கழுத்துக்குப் பின்னால் சாத்திக்கொண்டு எழுந்தாள். மழை ஊறிய மண்ணில் கால் புதைந்தது. பாதித் தூரத்தில் அடிவயிறு மறுபடி முறுக்கிக்கொள்ள, நடை தடுமாறியது. வேலிக்கு வெளியே அக்கா, நின்றவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

"மேற்பார்வையாளருன்னு நெனச்சுக்கடி! நெருப்புடி பின்னால! விடாதே!"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் குச்சியின் தொண்டையிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தோடே போய்க் கோட்டைத் தாண்டி, பொம்மையோடு பொம்மையாகக் குப்புற விழுந்தாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். எழுதினார். "தேறிட்டே" என்றவர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல், "போய்... அந்தப் பக்கம் குழாய் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுந்து மகளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். கால்சட்டையைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று சின்னவள் சொன்னதும் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். கசக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், பெரியவளிடம் கேட்டாள்.

"நெசமாவே ஒரு வாளிகூடத் தூக்கலையா?"

"இல்லம்மா."

தாய் அந்தக் கறையை வெகுநேரம் கசக்கினாள். அதற்குப் பிறகு உறவுக்காரர் யாராவது பெரியவளின் கதையை எடுத்தால், அவள் மூட்டைப் பேச்சை எடுப்பதில்லை. "என்னமோ, தங்கல" என்பாள். அவ்வளவுதான்.

பெரியவள் மறுபடி சலவைக்கூடத்துக்குப் போகிறாள், தங்கை விட்டுப்போன தள்ளுவண்டிக்கு. ஒட்டடைக்குச்சி காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தீயணைப்பு நிலையத்தில், ஏணி வண்டியில் வேலை பார்க்கிறாள்.